பாறைநெஞ்சனின் மூன்றாம் ரவுண்டு

சுகந்தினி ஓர் ஆம்பளையை வரைந்துகொண்டிருக்கிறாள் என்பது அவள் புருஷன் ஐயாவுக்குத் தெரியவந்தது தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். வேலை விட்டு வந்து, ரப்பர்பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு லயத்து வீட்டுக்குள் போனவன் கண்ணில் அந்தத் தாள் பட்டது. அகன்ற தோள். ஒடுங்கின இடுப்பு. இரண்டு கையிலும் குத்துச்சண்டைக்காரன் போடுகிற உறை. உறையிலிருந்து மின்னல் கிளம்பிப் போகிறது. நெற்றியில் ஒரு கொத்து முடி அலட்சியமாக விழுந்து கிடந்தது.

"இவன் யாரு?" என்று கேட்டான் ஐயாவு.

இடிக்கையன் என்றாள். தோட்டத்துப் பிள்ளைகள் லீவில் வாசிக்க ஒரு கதைப் புஸ்தகம் கிடையாது, அதனால் படக்கதை ஒன்று போடுகிறேன் என்றாள். இவன் ஒரு குத்து விட்டால் இடி இறங்கும். இவனோடு மோதப் பாறைநெஞ்சன் என்று இன்னொருவன் வருவான். அவன் நெஞ்சில் எந்தக் குத்தும் ஏறாது. மலையைப் பிடுங்கி எறிவான். இரண்டு பேருக்கும் குத்துச்சண்டை, மூன்று ரவுண்டு. அவ்வளவுதான் கதை.

ஐயாவுக்கு அவ்வளவுதான் என்று யார் சொன்னாலும் பிடிக்காது. அவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறவர்கள். நாற்பத்தெட்டு வயதில் அவன் கண்டது அது. பால் நிறுக்கிற தராசை அவன் நம்பமாட்டான். டவுனில் கொடுக்கிற மருந்தை நம்பமாட்டான். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷமாகியும், குழாயடிக்குப் போன பெண்சாதி எத்தனை நிமிஷத்தில் திரும்புகிறாள் என்பது அவனுக்குக் கணக்குத் தெரியும். மகள் வத்தளையில் கார்மெண்ட்ஸில் வேலைக்குப் போனபிறகு வீட்டில் ஆள் குறைந்தது. சந்தேகம் குறையவில்லை, முழுவதும் இவள் பங்குக்கு வந்தது.

சுகந்தினி பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. பகலெல்லாம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் வரைந்தாள். வீட்டுக்கு வந்தும் வரைந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு, அவன் சாப்பிடுகிறானா என்று பார்க்காமல், அந்தக் கடதாசிக்காரனுக்குத் தோளைத் தடவித் தடவி நிழல் போட்டாள். தன் முகத்தை அவள் அப்படிக் குனிந்து பார்த்து எத்தனை வருஷம் என்று ஐயாவு யோசித்தான். கணக்கு வரவில்லை.

அடுத்த இடி மாசியில் விழுந்தது. புஸ்தகம் முடிந்து, போட்டோகொப்பி போடக் கரவனெல்லைக்குப் போனாள். கூட்டிப் போனது சசி. கீழ் லயத்துச் சசி, த்ரீவீல் ஓடுகிறவன், முப்பத்தஞ்சு வயது, பெண்சாதி பிள்ளை உள்ளவன். ஆனால் ஐயாவு பார்த்தது அதையில்லை. சசி வண்டியிலிருந்து குனிந்து இறங்கும்போது, நெற்றியில் ஒரு கொத்து முடி அலட்சியமாக விழுந்தது. ஐயாவு தன் தலையைத் தடவினான். அங்கே விழுவதற்கு ஒன்றுமில்லை.

போய்வர அரை மணித்தியாலம். கடையில் அரை மணித்தியாலம் வையுங்கள். அவர்கள் வந்து சேர்ந்தது இரண்டேகால் மணித்தியாலம் கழித்து. கேட்டதற்கு மெஷினில் கடதாசி சிக்கிவிட்டது என்றாள். மெஷின் மேல் பழி போடுவது லேசு, மெஷின் வாய் திறக்காது.

புஸ்தகத்தில் ஒன்றை அவன் கையிலும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். ஐயாவு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தன் பேரை எழுதுவான், கிலோக் கணக்கு வாசிப்பான், பஸ் போர்டில் முதல் எழுத்தைப் பிடித்து ஊரைக் கண்டுபிடிப்பான். இவள் பொடிப்பொடியாக எழுதியிருந்தது அவனுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அதை அதுவரை அவளிடம் சொன்னதில்லை. படத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பாறைநெஞ்சனுக்குத் தொப்பை இருந்தது. தலை வழுக்கை. கடைசிப் பக்கத்தில் இடிக்கையன் கையை உயர்த்தி நிற்கிறான், பாறைநெஞ்சன் மல்லாக்கக் கிடக்கிறான். ஐயாவு புஸ்தகத்தை மூடி, "ம்" என்றான்.

அவள் முகம் என்னவோ மாதிரிப் போயிற்று. ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தோட்டம் பூராவும் அந்தப் புஸ்தகந்தான். காலையில் பெரட்டுக்களத்தில், பேர் கூப்பிடுகிறதற்கு முன்னால், நாலைந்து பேர் கூடி நின்று வாசித்துச் சிரிப்பார்கள். ஐயாவு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்துவாள். ஐயாவுக்குப் புரிந்துவிட்டது. இடிக்கையன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் சிரிக்கிறார்கள். அப்படித்தான் அவன் புரிந்துகொண்டான். அவன் புரிந்துகொண்டது எப்போதும் அவனுக்குச் சரியாகத்தான் இருக்கும்.

சித்திரை வருஷப்பிறப்புக்குத் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைப்பது வழக்கம். வழுக்குமரம், கயிறிழுப்பு, ஓடைக்கு மேலே மரத்தைப் போட்டு அதில் உட்கார்ந்து தலையணைச் சண்டை. கீழேயிருந்து சிங்கள ஆட்களும் வருவார்கள். இந்த வருஷம் தலையணைச் சண்டை வேண்டாம், புஸ்தகத்துச் சண்டையை வைப்போம் என்றார் சந்திக்கடைச் சாலி முதலாளி. மைக் அவருடையது, ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற ரைஸ் குக்கரும் அவருடையது, ஆகவே யாரும் மறுக்கவில்லை.

இடிக்கையன் யார் என்றதும் நாலு திசையிலிருந்தும் சசி பேர் வந்தது. பாறைநெஞ்சன் யார் என்றார் சாலி முதலாளி. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

ஐயாவு கையைத் தூக்கினான்.

பெரட்டுக்களத்தில் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம், விசிலும் கைத்தட்டலுமாக. அழகமுத்துக் கங்காணி, லேசில் யாரையும் மதிக்காத மனுஷன், வந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஐயாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுகந்தினி மட்டும் வீட்டுக்கு வந்ததும் கெஞ்சினாள். நீங்க வேணாங்க, வேற யாராச்சும் நிக்கட்டும் என்றாள். ஓ, சசிக்கு அடிபடும் என்று பயப்படுகிறாள் என்று ஐயாவு நினைத்தான்.

அன்றைக்கே முடிவு கட்டினான். புஸ்தகத்தில் எப்படியும் இருக்கட்டும். மூன்றாம் ரவுண்டில் விழமாட்டேன். தோட்டமும், அவளும் பார்க்க, அந்த முடிக்கொத்தைப் புழுதியில் புரட்டிவிட்டுத்தான் கயிற்றைத் தாண்டுவேன்.

உடுப்பைச் சுகந்தினிதான் செய்தாள், இரண்டு பேருக்கும். பழைய பனியன்மேல் ரப்பர் பாலைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, நெஞ்சுக்கும் புயத்துக்கும் பஞ்சை வைத்துத் தைத்து, அதன்மேல் இன்னும் ஐந்து பூச்சு. சசி கித்துல்கலையில் ஆற்றில் படகு விடுகிற கூட்டாளியிடம் இரண்டு ஹெல்மெட் வாங்கி வந்தான். நல்லதை அவன் வைத்துக்கொண்டான், வெடித்தது ஐயாவுக்கு வந்தது. சசியின் உடுப்புக்கு அளவு எடுக்கும்போது ஐயாவு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். டேப்பின் நுனியை நான் பிடிக்கிறேன் என்று அவனே பிடித்தான். சசி கூச்சத்தில் நெளிந்தான்.

போட்டியன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு ரப்பர் மரக்கட்டையை நட்டு, கயிறு கட்டி, களம் தயார். அழகமுத்துக் கங்காணி விசிலோடு நடுவில் நின்றார். சாலி முதலாளி இரண்டு பாஷையிலும் மைக்கில் முழங்கினார். இடிக்கையன் குத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் தார்ப்பீப்பாயை அடிக்கவேண்டும். பாறைநெஞ்சனுக்கு எறிய ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் செய்த மலை ஒன்று கறுப்பு பெயிண்ட் பூசி வைத்திருந்தார்கள்.

முதல் ரவுண்டு ஒழுங்காகத்தான் போயிற்று. ஐயாவு மலையை எறிந்தான். சசி அதைக் குத்தி இரண்டாக்கினான், பீப்பாய் அதிர்ந்தது, சனம் ஆர்ப்பரித்தது. சிங்களப் பொடியன்கள் "கஹபங், கஹபங்" என்று அடிக்கச்சொல்லிக் கத்தினார்கள். ஐயாவு இரண்டு குத்து நிஜமாகவே விட்டான். சசி, "அண்ணே, பைய," என்றான்.

இடைவேளையில்தான் அது நடந்தது. சுகந்தினி பிள்ளைக் காம்பராவிலிருந்து கொண்டுவந்த பவுடர் டின்னைத் திறந்து, சசியின் நெஞ்சில் கொட்டி, கையால் பரத்தித் தடவினாள். தோளில் தடவினாள். விலாவில் தடவினாள். எல்லோர் கண் முன்னாலும். பச்சைப்பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி, அவசரமேயில்லாமல். பிறகு டின்னோடு ஐயாவின் பக்கம் திரும்பினாள்.

ஐயாவு டின்னைப் பிடுங்கிச் சுழற்றி எறிந்தான். அது சனத்துக்கு மேலே போய்த் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தது.

"அது எதுக்குன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றாள் சுகந்தினி.

"எனக்குத் தெரியும்," என்றான் ஐயாவு.

தெரிந்திருக்க வேண்டியதுதான். பதினாறு வயதிலிருந்து பால் வெட்டுகிறவன். புகை காட்டாத ரப்பரைப் பவுடரில்லாமல் ஒன்றோடொன்று அழுத்தினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த பூனைக்குட்டிக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் அவன் கண்ணில் இருந்தது ரப்பரில்லை, அவள் கை.

இரண்டாம் ரவுண்டு விசில் ஊதியதும் பாய்ந்தான். குத்துவதற்குக்கூடப் பொறுமையில்லை. சசியை அப்படியே இரண்டு கையாலும் வளைத்து நெஞ்சோடு நெஞ்சாக நெரித்தான். சசியும் விழாமலிருக்க இவனை வளைத்துப் பிடித்தான். அப்படியே இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். வெயில், வேர்வை, பவுடர் கரைந்துபோன புது ரப்பர். அழகமுத்துக் கங்காணி விசில் ஊதிப் பிரியச் சொன்னார். பிரியவில்லை. மறுபடி ஊதினார்.

"அண்ணே, விடுங்க," என்றான் சசி.

"நான் எப்பவோ விட்டுட்டேன்," என்றான் ஐயாவு.

கையை எடுத்துப் பார்த்தார்கள், கை வந்தது, நெஞ்சு வரவில்லை. அழகமுத்து ஒரு பக்கம் இழுத்தார், வேறொருவன் மறு பக்கம் இழுத்தான். இரண்டு உடுப்பும் ஒரே தோலாகி இழுபட்டதே தவிர விடவில்லை. சுகந்தினி தேங்காயெண்ணெய் எடுக்க லயத்துக்கு ஓடினாள். சனம் சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்தது.

கூட்டத்தைச் சும்மா விடக்கூடாதென்று சாலி முதலாளி என்ன செய்தார் தெரியுமா, புஸ்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மைக்கில் வாசிக்கத் தொடங்கினார். மலை உச்சியில் பாறைநெஞ்சன் இருக்கிறான். பெண்சாதி தண்ணீர் எடுத்து வருகிறாள். பாறைநெஞ்சன் கேட்கிறான்:

"குழாயடிக்குப் போக இவ்வளவு நேரமா? குழாயில தண்ணி வந்துச்சா, இல்ல குழாய் உனக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்துச்சா?"

அந்த வாக்கியம் ஐயாவுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில், தன் வீட்டு வாசலில், தன் வாயால் சொன்னது.

சாலி முதலாளி அடுத்ததைத் தொடங்கும்போது சனமும் சேர்ந்துகொண்டது. எல்லோருக்கும் மனப்பாடம். "காத்து ஏன் நம்ம கதவை மட்டும் தட்டுது? யாரு சொல்லி அனுப்புன காத்து?" பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். "போறப்ப ரெட்டைச் சடை, வாறப்ப ஒத்தச் சடை, நடுவுல என்ன நடந்துச்சு?" இப்படி ஒவ்வொன்றாக, அவன் வீட்டுச் சுவருக்குள் சொன்னதெல்லாம், லவுட்ஸ்பீக்கரில் ரப்பர் மலை பூராவும் போய் முட்டித் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவை சந்தேகப்படும்போதும் பாறைநெஞ்சனுடைய நெஞ்சு இன்னும் கொஞ்சம் கல்லாகும், அதுதான் அவனுடைய சக்தி என்று முதலாளி விளக்கமும் சொன்னார்.

சசியின் மூக்கு அவன் மூக்கிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது. வேறு எங்கேயும் பார்க்க வழியில்லை.

"ஒனக்கு இது தெரியுமா?" என்று ஐயாவு மெதுவாகக் கேட்டான்.

"தோட்டத்துக்கே தெரியும்ணே. ஒங்களுக்கும் தெரியும்னுதான் நாங்க நெனச்சோம். கையத் தூக்குனீங்களே. தன்னத் தானே கேலி பண்ணிக்க எவனுக்கு நெஞ்சு வரும்னு அன்னைக்கு எங்க வீட்டுல ஒங்களப் பத்தித்தான் பேச்சு."

சசி விட்ட மூச்சில் வெற்றிலை வாடை அடித்தது.

"ஒன் வண்டில வந்தன்னைக்கு என்ன பேசுனா?"

"போறப்பவும் ஒங்க கதை, வாறப்பவும் ஒங்க கதை. எனக்குக் காது நொந்துபோச்சு. மெஷின் நெசமாவே சிக்குச்சுண்ணே."

மெஷினை ஐயாவு அப்போதும் முழுசாக நம்பவில்லை.

சுகந்தினி எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். இரண்டு கழுத்துக்கும் நடுவே எண்ணெயை ஊற்றி, கையை உள்ளே விட்டு, மேலேயிருந்து ஒவ்வொரு அங்குலமாகப் பிரிக்கத் தொடங்கினாள். முகத்தைத் தூக்கவில்லை. அவள் கை நெஞ்சில் ஊர்ந்து இறங்குவது ரப்பருக்கு மேலாலும் தெரிந்தது. இந்தப் பக்கம் புறங்கையா, உள்ளங்கையா? ஐயாவு மூச்சைப் பிடித்துக் கவனித்தான். கணு எலும்பு உரசியது. புறங்கை. அப்படியானால் உள்ளங்கை சசி பக்கம். சனம் முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற அந்த நேரத்திலும் அது அவனுக்கு வலித்தது.

"ஏன் எழுதுன?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வீட்டுல சொன்னா கேக்கல. சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

"நாலு பேர் சிரிக்கவா?"

"மொதல்ல உங்க கையிலதான குடுத்தேன். கிழிச்சுப் போடுங்க, திட்டுங்க, என்னமாச்சும் செய்யுங்கன்னு முன்னாடியே நின்னேன். வாசிச்சுட்டு 'ம்'ன்னீங்க. அந்த 'ம்'முக்கு ரெண்டு மாசமாப் பயந்துக்கிட்டிருக்கேன்."

ஐயாவு வானத்தைப் பார்த்தான். பிறகு சசியின் தோளைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"நான் வாசிக்கல. எனக்கு ஒன் எழுத்து தெரியல."

அவள் கை அப்படியே நின்றது. சசி, பாவம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், காதையும் மூட முடியுமானால் மூடியிருப்பான். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று ஐயாவு கவனிக்க மறந்துவிட்டான்.

"கடைசிப் பக்கத்துல இவன் அடிச்சுத்தான நான் விழுறேன்?" என்று கேட்டான்.

"அவன் கை படவே இல்லங்க. நெஞ்சு கனம் தாங்காம நீங்களா விழுறீங்க."

பிரிந்தார்கள். சசியின் உடுப்பில் பாதி ஐயாவோடு வந்துவிட்டது. அழகமுத்துக் கங்காணி மூன்றாம் ரவுண்டுக்கு விசில் ஊதினார்.

ஐயாவு நடுக்களத்தில் நின்றான். எதிரில் சசி கையைத் தொங்கவிட்டு நின்றான்; அடித்தால் வாங்கிக்கொள்கிற முகம். ஒரே குத்து, புரட்டிவிடலாம். புரட்டினால் மைக்கில் வாசித்ததெல்லாம் சரி என்று ஆகும். தானாக விழலாம். விழுந்தாலும் சரி என்றுதான் ஆகும். இவன் என்ன செய்யப்போகிறான் என்று அவள் பார்க்கிறாளா? ஐயாவு ஓரக்கண்ணால் பார்த்தான்.

அவள் களத்தைப் பார்க்கவில்லை. கயிற்றோரம் குந்தியிருந்து, முழங்காலில் தாளை வைத்து, எண்ணெய்க் கையோடு பென்சிலால் எதையோ வேகமாக வரைந்துகொண்டிருந்தாள். முகம் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில். அந்தக் குனிவு. யாரை வரைகிறாள்?

சசி ஓர் எட்டு முன்னால் வைத்தான். ஐயாவு அவனைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே போட்டான். நேரே நடந்தான். கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போனான். அழகமுத்துக் கங்காணி விசிலை நீளமாக ஊதினார். கயிற்றைத் தாண்டினவன் தோற்றவன், அதுதான் சட்டம். பீப்பாய் முழங்கியது, சாலி முதலாளி சசியின் கையைத் தூக்கிப் பிடித்து ரைஸ் குக்கரைக் கொடுத்தார். ஐயாவு திரும்பவில்லை.

தாளில் இரண்டு பேர் இருந்தார்கள், நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொண்டு. இரண்டு பேருக்கும் முகம் இன்னும் போடவில்லை. கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி.

ஐயாவு அவள் பக்கத்தில் குந்தினான். ரப்பர் உடுப்பு முழங்காலில் மடங்கிக் கிறீச்சிட்டது.

"வாசி," என்றான்.

இருபத்துநாலு வருஷத்தில் அவளிடம் அவன் அதைக் கேட்டதில்லை. சுகந்தினி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முதல் வரியின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி வாசித்தாள்.

"ரெண்டு வீரனும் ஒட்டிக்கிட்டாங்க. மலையெல்லாம் கேட்டுச்சு."

வரியின் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. இரண்டாவது வரிக்கு இறங்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வாங்க, அதக் கழட்டணும், தோல் வெந்துபோகும் என்று எழுந்தாள்.

இரண்டு வரி இருந்தது. அவள் வாசித்தது ஒன்று. வாசித்த அந்த ஒன்றும், அங்கே எழுதியிருந்ததுதானா என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஐயாவு அதை விழுங்கினான். அவளுக்குப் பின்னால் நடந்தான். களத்தைத் தாண்டும்வரை கேட்கவில்லை. சனம் விலகி வழிவிட்டபோதும், யாரோ ஒருத்தி "பாறைநெஞ்சண்ணே" என்று கூப்பிட்டபோதும் கேட்கவில்லை. லயத்துப் படி ஏறும்போதும் கேட்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் கேட்டான்.